உறுதிப்பூசுதல்: விடைபெறும் விழாவா, பணி ஏற்கும் நாளா?

ஆயர் அவர்கள் பங்கிற்கு வருகிறார் என்ற அறிவிப்பு ஞாயிறு திருப்பலியில் வாசிக்கப்பட்டதும் ஊரே பரபரப்படைகிறது. கோவிலுக்கு வெள்ளையடிக்கிறார்கள், தோரணம் கட்டுகிறார்கள், தையற்காரரிடம் வெள்ளைச் சட்டைக்கும் பாவாடைக்கும் அளவு கொடுக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் தூய ஆவியாரின் ஏழு கொடைகளையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அந்நாளும் வருகிறது. ஆயர் நெற்றியில் தைலம் பூசுகிறார், நிழற்படம் எடுக்கப்படுகிறது, வீட்டில் விருந்து நடக்கிறது, உறவினர் பரிசளித்து விடைபெறுகிறார்கள்.

அடுத்த ஞாயிறன்று அப்பிள்ளைகளில் எத்தனை பேர் கோவிலில் இருக்கிறார்கள்? ஓராண்டு சென்றபின் எத்தனை பேர்? ஐந்தாண்டு கழிந்து, ஓசூரிலோ பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் அவர்களுள் எத்தனை பேர் ஞாயிறு காலையில் அருகிலுள்ள கோவிலைத் தேடிப் போகிறார்கள்? நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இக்கவலை நல்லம்பள்ளிக்கு மட்டும் உரியதன்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று வழங்கிய புதன் மறைக்கல்வி உரையில் உறுதிப்பூசுதலையே பொருளாக எடுத்துக்கொண்டார். இச்சாதனம் நடைமுறையில் திருச்சபையை விட்டு விடைபெறும் சாதனமாக ஆகிவிடாமல் காப்பது எவ்வாறு என்று அவர் கேட்டார். உரோமையில் கேட்ட அக்கேள்விக்கு நம் ஊர்களும் விடை சொல்ல வேண்டும். விடை சொல்வதற்கு முன், இச்சாதனத்தில் உண்மையில் நடப்பது என்ன என்று தெளிந்துகொள்வது நலம்.

யார் யாரை உறுதிப்படுத்துகிறார்?

"நான் என் விசுவாசத்தை உறுதிப்படுத்துகிறேன், அதுவே உறுதிப்பூசுதல்" என்று பிள்ளைகள் பலர் விளக்கம் கூறுகிறார்கள். பெரியவர்களிலும் அவ்வாறு எண்ணுவோர் உளர். திருமுழுக்கு வாக்குறுதிகளை நாம் அன்று புதுப்பிக்கிறோம் என்பது மெய்யே. ஆயினும் அது வாசற்படி மட்டுமே. உள்ளே நடப்பது வேறு. நம்மை உறுதிப்படுத்துபவர் இறைவன். நாம் கொடுக்கும் வாக்குறுதியைக் காட்டிலும் அவர் கொடுக்கும் கொடை பெரிது; அக்கொடை தூய ஆவியாரே.

நம் பாட்டிமார் காலத்துச் செபப் புத்தகங்களில் தூய ஆவியாரை 'இஸ்பிரீத்து சாந்து' என்று போர்த்துக்கீசியச் சொல்லாலேயே அழைத்தார்கள். திருவருட்சாதனத்தைத் 'தேவதிரவிய அநுமானம்' என்றார்கள். சொற்கள் மாறின, கொடை மாறவில்லை. 'உறுதி', 'பூசுதல்' என்னும் இரு சொற்களும் சேர்ந்து நல்ல தமிழில் அக்கொடையை விளக்குகின்றன. கண்ணுக்குத் தெரிவது பூசுதல். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளத்தில் நிகழ்வது உறுதி.

எண்ணெய் பூசுவதன் பொருளை நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தடவி உடலை உருவிவிடுகிறோம். எலும்பு வலுப்பெறும் என்கிறோம். மல்லுக்குச் செல்பவன் உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறான். காய்ந்துபோன தோலுக்கும், இறுகிய மூட்டுக்கும் எண்ணெயே மருந்து. பழைய ஏற்பாட்டில் அரசர்களும் குருக்களும் எண்ணெயால் திருப்பொழிவு செய்யப்பட்டார்கள். 'கிறிஸ்து' என்னும் பெயருக்கே திருப்பொழிவு பெற்றவர் என்பதுதான் பொருள். அவர் பெயரைத் தாங்கும் கிறிஸ்தவனும் அவரைப் போலவே பூசப்பட்டவன்.

சமாரியாவில் நடந்தது

திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தை வீட்டில் எல்லாரும் கூடியிருக்கும் வேளையில் வாசித்துப் பாருங்கள். பிலிப்பு சமாரியாவிற்குச் சென்று கிறிஸ்துவை அறிவிக்கிறார். மக்கள் நம்புகிறார்கள், திருமுழுக்குப் பெறுகிறார்கள். இச்செய்தி எருசலேமிலிருந்த திருத்தூதர்களுக்கு எட்டுகிறது. அவர்கள் பேதுருவையும் யோவானையும் அனுப்பிவைக்கிறார்கள். இவ்விருவரும் வந்து, சமாரியருக்காக வேண்டி, அவர்கள்மேல் கைகளை வைக்கிறார்கள். சமாரியர் தூய ஆவியைப் பெறுகிறார்கள். பத்தொன்பதாம் அதிகாரத்தில், எபேசு நகரில் ஏறத்தாழப் பன்னிரண்டு பேர்மீது பவுல் கைகளை வைத்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாதவர்கள். ஒரே கிணற்றில் நீர் மொள்ளவும் தயங்கியவர்கள். அத்தகைய சமாரியர்மீதே எருசலேமிலிருந்து வந்த யூதர்களான பேதுருவும் யோவானும் தம் கைகளை வைத்தார்கள். தொடக்கூடாதவர் என்று ஒதுக்கப்பட்டவரைத் தொட்டபோது ஆவியார் இறங்கினார். உறுதிப்பூசுதலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஊருக்கு ஊர் தனித்தனியாகத் தோன்றிய விசுவாசிகளைத் திருத்தூதர்களோடும் உலகத் திருச்சபையோடும் ஒரே குடும்பமாகக் கட்டிய சாதனம் இது.

எனவேதான் இலத்தீன் வழிபாட்டு முறையில் இதை வழங்கும் இயல்பான பணியாளர் ஆயர் ஆவார். அவர் திருத்தூதர்களின் வழித்தோன்றல். திருமுழுக்கைப் பங்குக் குருவே தருகிறார். உறுதிப்பூசுதலுக்கோ ஆயர் வருகிறார். அவருக்குப் பூமாலை சூட்டி மேளம் கொட்டுவதோடு நில்லாமல், அவருடைய வருகையிலே பேதுருவும் யோவானும் நடந்துவந்த அந்தப் பாதையைக் காண நாம் பழக வேண்டும்.

நமது மண்ணில் ஆயருக்காகக் காத்திருந்த காலம்

இன்று நல்லம்பள்ளியிலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் மறைமாவட்டத்தின் தலைநகரை அடைந்துவிடலாம். நம் முன்னோருக்கு இவ்வசதி இருக்கவில்லை. 'தத்துவ போதகர்' என்று தமிழர் அழைத்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி 1623-இல் மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார். அன்று தொடங்கிய மறைப்பணிக்குச் சேலத்திலேயே ஓர் ஆயர் கிடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1930-ஆம் ஆண்டு மே 26 அன்றுதான் சேலம் மறைமாவட்டம் நிறுவப்பட்டது. அதற்கு முன் இப்பகுதிகளின் ஆயர்கள் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய தொலைநகரங்களில் இருந்தார்கள். சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மறைமாவட்டமானது 1997-ஆம் ஆண்டு சனவரி 24 அன்று. சலேசிய சபையைச் சேர்ந்த மேதகு ஜோசப் அந்தோணி இருதயராஜ் அதன் முதல் ஆயரானார். இன்று தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களும் அதனுள் அடங்கும்.

சாலையும் தொடர்வண்டியும் இல்லாத காலத்தில் ஆயரின் வருகை எவ்வளவு அரிதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மறைபரப்பு நாடுகளில் சில குருக்களுக்கு உறுதிப்பூசுதல் வழங்கத் திருத்தந்தையர் தனி அனுமதி அளித்ததும் உண்டு. ஆயினும் நம் கிறிஸ்தவர் பலர் இச்சாதனத்திற்காக நெடுங்காலம் காத்திருந்தார்கள். இன்று அது நம் வாசலுக்கே வருகிறது. எளிதிற் கிடைப்பதை எளிதாக எண்ணிவிடுவது மனித இயல்பு.

அச்சடங்கில் நடப்பவை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, உறுதிப்பூசுதல் சடங்கைச் சீரமைக்க வேண்டும் என்று பணித்தது. அதன்படி 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் ஒரு திருத்தூது ஆணை வெளியிட்டார். இன்று நாம் பின்பற்றும் முறை அதிலிருந்து வருவது.

திருப்பலியில் நற்செய்தியும் மறையுரையும் முடிந்தபின், உறுதிப்பூசுதல் பெறுவோர் தம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். அலகையை விட்டுவிடுவதாகவும் மூவொரு இறைவனை நம்புவதாகவும் தம் வாயாலேயே சொல்கிறார்கள். கைக்குழந்தையாயிருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அவர்களுக்காகச் சொன்ன பதில் இப்போது அவர்களுடைய சொந்தப் பதிலாகிறது. பின்னர் ஆயர் அவர்கள் அனைவர்மேலும் கைகளை விரித்து, ஏழு கொடைகளைப் பொழிந்தருளத் தந்தையிடம் மன்றாடுகிறார்.

அடுத்து ஒவ்வொருவராக முன்வருகிறார்கள். ஞானத்தந்தையோ ஞானத்தாயோ தம் வலக்கையைப் பிள்ளையின் தோள்மீது வைக்கிறார். ஆயர் தம் கட்டைவிரலைக் கிறிஸ்மா தைலத்தில் தோய்த்து, பெயர் சொல்லி அழைத்து, நெற்றியில் சிலுவை அடையாளம் வரைகிறார். கொடையாக வரும் தூய ஆவியாரின் முத்திரையைப் பெற்றுக்கொள்ளுமாறு கூறுகிறார். கீழைத் திருச்சபையின் தொன்மையான பைசாந்திய வழிபாட்டிலிருந்து 1971-இல் எடுத்துக்கொள்ளப்பட்ட வாய்பாடு இது. பிள்ளை "ஆமென்" என்கிறது. ஆயர் அமைதியை வாழ்த்துகிறார்.

முதியோர்க்கு ஒரு நினைவு இருக்கும். முற்காலத்தில் ஆயர் கன்னத்தில் மெல்லத் தட்டுவார். கிறிஸ்துவின் பொருட்டு அவமானமும் துன்பமும் வந்தால் தாங்கிக்கொள் என்பது அதன் பொருள். இடைக்காலத்தில் வந்து சேர்ந்த அவ்வழக்கம் 1971-ஆம் ஆண்டுச் சடங்கில் நீக்கப்பட்டது. தட்டுதல் நீங்கினாலும், துன்பம் தாங்க வேண்டிய கடமை நீங்கிவிடவில்லை.

முத்திரை என்பது என்ன? களத்தில் தூற்றிக் குவித்த தானியத்தின்மேல் சாணிப்பாலால் குறியிட்டுவிட்டு வீட்டிற்குப் போவது நம் உழவரின் பழைய வழக்கம். குறி கலைந்திருந்தால் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். இக்குவியலுக்கு உரியவன் ஒருவன் இருக்கிறான் என்று அக்குறி சொல்லுகிறது. நம் நெற்றியில் இடப்படும் முத்திரையும் நமக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லுகிறது. சாணிப்பால் மழையில் கரையும், இம்முத்திரை கரையாது. ஆகையால் திருமுழுக்கையும் குருத்துவத்தையும் போலவே உறுதிப்பூசுதலையும் வாழ்நாளில் ஒரே முறைதான் பெற முடியும்.

கிறிஸ்மா தைலம் பரிமளம் கலந்த ஒலிவ எண்ணெய். புனித வாரத்தில் ஆயர் தம் குருக்களோடு சேர்ந்து நிறைவேற்றும் திருப்பலியில் அது அர்ச்சிக்கப்பட்டு, எல்லாப் பங்குகளுக்கும் அனுப்பப்படுகிறது. குருவாகத் திருநிலைப்படுத்தப்படுபவரின் உள்ளங்கைகளிலும், கோவில் அர்ச்சிப்பின்போது பலிபீடத்திலும் பூசப்படுவது இதே தைலமே. பலிபீடத்தை நாம் எவ்வளவு வணக்கத்தோடு முத்தமிடுகிறோம்! அத்தைலம் பூசப்பட்ட நம் மகளையும் மகனையும், அண்டை வீட்டாரின் பிள்ளையையும் அதே வணக்கத்தோடு நடத்துகிறோமா?

எந்த வயதில்?

"என் பிள்ளைக்கு எட்டு வயதில் கொடுக்கக் கூடாதா? பதினைந்து வரை ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு பகுத்தறியும் வயதை ஒட்டி இச்சாதனத்தை வழங்கலாம் என்கிறது. ஆயர் பேரவை வேறு வயதைக் குறிக்கவும் இடம் தருகிறது. தொடக்கத்தில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை என்பதே வரிசை. 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஏறத்தாழ ஏழு வயதிலேயே பிள்ளைகள் நற்கருணை பெறலாம் என்று வழிதிறந்தார். அதனால் பல இடங்களில் புதுநன்மை முன்னும் உறுதிப்பூசுதல் பின்னுமாக வரிசை மாறிற்று.

நமக்கு அண்மையில் உள்ள ஓசூரின் பெயரால் 2017-இல் சீரோ மலபார் மறைமாவட்டம் ஒன்று நிறுவப்பட்டது. அவ்வழிபாட்டு முறையினர் கைக்குழந்தைக்குத் திருமுழுக்குத் தரும்போதே குருவின் கையால் உறுதிப்பூசுதலும் தருகிறார்கள். இதைக் கண்டு நம்மவர் சிலர் வியக்கிறார்கள். வியப்பதற்கு ஒன்றுமில்லை. கீழை முறை, இது நம் தகுதியால் பெறுவதன்று, இறைவனின் இலவசக் கொடை என்பதை எடுத்துக்காட்டுகிறது. நம் முறை, ஆயரோடுள்ள உறவையும் பெறுபவரின் சொந்தப் பதிலையும் எடுத்துக்காட்டுகிறது. சாதனம் ஒன்றே.

பள்ளிப் பருவம் கடந்துவிட்ட பெரியவர்களும் உண்டு. பெற்றோர் கல் குவாரிக்கும் செங்கற்சூளைக்கும் கட்டட வேலைக்கும் இடம்விட்டு இடம் பெயர்ந்ததால், எந்தப் பங்கிலும் மறைக்கல்வியை முடிக்க இயலாமற்போனவர்கள் அவர்கள். திருமண ஓலைக்காக வரும்போதுதான் உறுதிப்பூசுதல் பெறவில்லை என்பது தெரியவருகிறது. அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பெரிய இடையூறு இல்லையெனில் திருமணத்திற்கு முன்பே இதைப் பெறுவது நல்லது என்கிறது சட்டம். முப்பது வயதிலும் ஐம்பது வயதிலும் பெறலாம். பங்குக் குருவை முன்னதாகவே சந்தித்துப் பேசினால் வழி பிறக்கும்.

மற்றொன்றையும் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். சாகும் ஆபத்தில் இருப்பவருக்கு எந்தக் குருவும் உறுதிப்பூசுதல் வழங்கலாம். 1946-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பங்குக் குருக்களுக்கு அளித்த அதிகாரம் இன்று எல்லாக் குருக்களுக்கும் உரியது. மருத்துவமனையில் உயிருக்குப் போராடும் பச்சிளங்குழந்தைக்குத் திருமுழுக்கோடு இதையும் தரலாம். ஆதலால் குருவை அழைக்கத் தயங்க வேண்டா.

ஏழு கொடைகளும் நம் ஊர் வாழ்வும்

ஞானம், மெய்யுணர்வு, அறிவுரைத்திறன், நுண்மதி, ஆற்றல், இறைப்பற்று, இறையச்சம் என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எசாயா இறைவாக்கினர் பதினோராம் அதிகாரத்தில், ஈசாயின் அடிமரத்திலிருந்து தளிர்க்கும் மெசியாவின்மேல் தங்கும் கொடைகளாக இவற்றைக் காட்டுகிறார். இவை தேர்வுக்குரிய வினாவிடைகள் அல்ல. பிழைப்பிற்கும் வாழ்விற்கும் வேண்டிய கருவிகள்.

முதன்முறையாகச் சம்பளம் கையில் வாங்கும் இளைஞனுக்கு, நிலைப்பது எது, கரைந்துபோவது எது என்று காட்டுவது ஞானம். கைப்பேசியில் எளிதாய்க் கிடைக்கும் கடனும் சூதும் அழைக்கும்போது, யாரிடம் போய் ஆலோசனை கேட்பது என்று தெரிந்திருப்பது அறிவுரைத்திறன். வெளியூரில் தன்னை யாரும் பார்க்காத இடத்திலும் இறைவன் பார்க்கிறார் என்று நினைத்து நடப்பது இறையச்சம். அங்கும் ஞாயிறன்று கோவிலைத் தேடி நடப்பது இறைப்பற்று.

ஆற்றல் என்னும் கொடையைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. நம் மூத்தோர் அதைத் 'திடம்' என்றார்கள். இம்மாவட்டத்தில் அத்திடத்திற்கு வேலை உண்டு. பெண் சிசுக்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே தமிழக அரசு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2001-இல் அது தருமபுரிக்கும் விரிந்தது. ஓர் அரசு தொட்டில் கட்டி வைத்துக் குழந்தைகளைக் காக்க வேண்டிய நிலை நம் ஊர்களில் இருந்தது. கருவிலிருப்பது பெண் என்று அறிந்தால் கலைத்துவிடலாம் என்று உறவினர் கூறும்போது, "இக்குழந்தை எங்களுக்கு வேண்டும்" என்று சொல்லும் மருமகளுக்கும் அவளுக்குத் துணைநிற்கும் மாமியாருக்கும் திடம் வேண்டும். பதினெட்டு நிறையுமுன்னே மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றால், "அவள் படிக்கட்டும்" என்று சொல்லத் தந்தைக்குத் திடம் வேண்டும்.

2012-ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தில் நாய்க்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் தீக்கிரையாயின. சாதி கடந்த ஒரு திருமணமே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அத்தீ அணைந்துவிட்டது, அதை மூட்டிய எண்ணம் அணைந்துவிட்டதா? நம் கோவில்களிலும் கல்லறைகளிலும் திருவிழாக்களிலும் சாதி தலைகாட்டுவதே இல்லை என்று எவரால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும்? சமாரியர்மேல் கைவைத்த பேதுருவின் வழிவந்தவர் ஆயர். அவர் தம் ஒரே கட்டைவிரலால், ஒரே சிமிழிலிருந்து, வரிசையில் நிற்கும் எல்லாப் பிள்ளைகளின் நெற்றியிலும் பூசுகிறார். அப்பூசுதலைப் பெற்றுவிட்டு, தெருவிற்கு வந்ததும் நெற்றிக்கு நெற்றி வேறுபாடு பார்ப்போமாகில், நாம் பெற்ற முத்திரையை நாமே மறைக்கிறோம்.

திடத்திற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. நீலகண்டன் என்னும் பெயரோடு திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராயிருந்தவர் 1745-ஆம் ஆண்டு மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் குருவல்லர், துறவியுமல்லர், இல்லறத்தார். ஏழு ஆண்டுகூட நிறையுமுன், 1752-ஆம் ஆண்டு சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி வேறுபாடின்றி எல்லாரோடும் பழகியதும் அவர்மேல் எழுந்த பகைக்கு ஒரு காரணம். 2022-ஆம் ஆண்டு மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். சாட்சி பகர்வதற்குப் பட்டமும் பதவியும் வேண்டா. ஆவியாரின் திடம் வேண்டும் என்பதை அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது.

ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுத்தல்

இச்சாதனத்தில் நாம் அதிகம் தவறவிடும் இடம் இதுவே. யார் பெரிய பரிசு தருவார், யாரை அழைத்தால் உறவு இறுகும், யார் செல்வாக்குள்ளவர் என்று பார்த்து ஞானப்பெற்றோரைத் தேடுகிறோம். திருச்சபை கேட்பதோ வேறு. அவர் பதினாறு வயது நிறைந்தவராக, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக, தாம் ஏற்கும் பொறுப்பிற்கு ஏற்ற விசுவாச வாழ்வு நடத்துபவராக இருக்க வேண்டும். பிள்ளையின் தாயோ தந்தையோ இப்பொறுப்பை ஏற்க முடியாது. திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோராக இருந்தவரே இப்போதும் இருப்பது மிகவும் பொருத்தம் என்று சட்டம் விரும்புகிறது.

தோள்மேல் வைத்த கையை அன்றைக்கே எடுத்துவிடலாகாது. பிள்ளை பள்ளியிறுதித் தேர்வு எழுதும்போது, ஊரைவிட்டு வேலைக்குப் புறப்படும்போது, தவறான சேர்க்கையில் விழும்போது அக்கை தோள்மேல் இருக்க வேண்டும். பரிசாக மோதிரம் போடுவதைக் காட்டிலும், மாதம் ஒரு முறை "ஞாயிறு பூசைக்குப் போனாயா, எப்படியிருக்கிறாய்?" என்று கைப்பேசியில் கேட்பது மேலான பரிசு. ஏழையாயினும் செபிக்கத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வேற்றுத் தெருவைச் சேர்ந்தவராயினும் தயங்க வேண்டா. ஒருவேளை அதுவே நம் பங்கில் நற்செய்தியாக அமையும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, உறுதிப்பூசுதலுக்கு முந்தைய மாதங்களில் வீட்டுச் செபத்தைத் தவறவிடாதீர்கள். வகுப்பில் ஆசிரியை ஓராண்டு சொல்லிக்கொடுப்பதைப் பிள்ளை வீட்டில் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும், அல்லது ஒரு வாரத்தில் மறந்துவிடும். பிள்ளையை ஒப்புரவுச் சாதனத்திற்கு அனுப்பும் தாய் தந்தையர் தாமும் உடன் செல்வது நல்லது.

இரண்டாவது, கடன் வாங்கி விருந்து வைக்க வேண்டா. தெருமுனையில் பிள்ளையின் படத்தோடு பெரிய பதாகை கட்டவும் வேண்டா. அப்பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் கையாலேயே வறியவர் ஒருவருக்குக் கொடுக்கச் செய்யுங்கள்.

மூன்றாவது, பதிவேட்டைக் கவனியுங்கள். உறுதிப்பூசுதல் பெற்றவரின் பெயர் பதிவேட்டில் எழுதப்பட்டு, திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கும் தெரிவிக்கப்பட வேண்டும். வேற்றூரில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளையெனில் அவ்வூரின் பெயரையும் நாளையும் சரியாகக் கொடுங்கள். பின்னாளில் திருமணத்திற்கும் துறவற அழைத்தலுக்கும் இப்பதிவு தேவைப்படும்.

நான்காவது, அடுத்த ஞாயிறே பிள்ளைக்குப் பங்கில் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வாசகம் வாசிக்கட்டும், பாடகர் குழுவில் சேரட்டும், பீடத்தில் உதவட்டும், சிறு பிள்ளைகளுக்கு மன்றாட்டுச் சொல்லிக்கொடுக்கட்டும், நோயுற்ற முதியோரைச் சந்திக்கட்டும். பணி ஏற்காத போர்வீரன் தன் சீருடையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறான்.

ஐந்தாவது, பிள்ளை வெளியூருக்குப் புறப்படும்போது பெட்டியில் துணிமணியோடு அவ்வூர்ப் பங்கின் முகவரியையும் எழுதி வையுங்கள். நம் பங்குக் குருவிடம் கேட்டால் விசாரித்துச் சொல்வார். தமிழ்த் திருப்பலி எங்கே, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் பிள்ளைகளில் பலர் போகவே செய்வார்கள். அறிமுகமில்லாத கோவிலுக்குள் தனியாக நுழைவதற்கே அவர்கள் கூச்சப்படுகிறார்கள்.

அனுப்பப்பட்டவர்கள்

பெந்தெகொஸ்து நாளில் திருத்தூதர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயிருக்க ஆவியார் விடவில்லை. அவர்கள் தெருவிற்கு வந்தார்கள். பல மொழி பேசிய மக்களிடம் பேசினார்கள். நம் பிள்ளைகளும் இன்று பல மொழி பேசும் ஊர்களுக்குப் போகிறார்கள். கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கேட்கும் தொழிற்கூடங்களில் வேலை செய்கிறார்கள். அவர்கள் போவதைத் தடுக்க நம்மால் இயலாது, தடுக்கவும் வேண்டா. அவர்கள் ஊரை விட்டுப் பிரிந்து போனவர்களாக இருக்கப்போகிறார்களா, கிறிஸ்துவால் அனுப்பப்பட்டவர்களாக இருக்கப்போகிறார்களா என்பதே கேள்வி.

நேர்மையாய் உழைத்து, உடன் உழைப்பவனின் சாதி கேளாமல் சோற்றைப் பகிர்ந்து, பெண்ணை மதித்து, ஞாயிற்றை ஆண்டவருக்கு ஒதுக்கி வாழும் ஓர் இளைஞன் எங்கே இருக்கிறானோ அங்கே திருச்சபை இருக்கிறது. பெற்றோரே, ஞானப்பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் நெற்றியில் இடப்பட்ட முத்திரை அழியாதது. அதன் பொருளை அவர்கள் மறந்துவிடாதபடி நினைவூட்டிக்கொண்டே இருப்பது உங்கள் கடன். தூய ஆவியார் உங்கள் இல்லங்களில் தங்குவாராக.